ஆறு பேர், ஒரு டேபிள்: மதுரையில் நண்பர்களோடு இரவுச் சாப்பாட்டுக்குப் போவது எப்படி?

சாப்பிடப் போவதற்குமா செய்முறை விளக்கம் என்று கேட்பீர்கள். "இந்த வாரம் கண்டிப்பா மீட் பண்றோம்டா" என்று வாட்ஸ்அப்பில் ஆரம்பித்து மூன்று மாதம் இழுபட்ட பேச்சில் நானும் இருந்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், தேவைதான். முதல் முறை ஏற்பாடு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர் மதுரை, ஆட்கள் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஆள் கணக்கு

"யார் யார் வர்றீங்க?" என்று கேட்காதீர்கள். கட்டைவிரல் படம்தான் பதிலாக வரும். "சனிக்கிழமை ஏழரை மணி, சிம்மக்கல்" என்று நாளையும் இடத்தையும் நீங்களே போட்டுவிட்டு, வர முடியாதவர்களை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். போடுவதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். புரட்டாசி என்றால் பாதிப் பேர் கறி தொட மாட்டார்கள். கார்த்திகை என்றால் ஒருவராவது மாலை போட்டிருப்பார்.

படி 2: கடை

கறி தோசைக்குப் பேர்போன கோனார் மெஸ் சிம்மக்கல்லில்தான் இருக்கிறது. அயிரை மீன் குழம்பு வேண்டுமென்றால் அதற்கென்று வேறு மெஸ்கள் உண்டு. குழுவில் சைவக்காரர் ஒருவர் இருந்தால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முட்டை பட்ட கல்லில் சுட்ட தோசை சாப்பிடுவீர்களா? இல்லை என்றால் அன்றைக்கு எல்லாரும் சைவக் கடைக்கே போய்விடுங்கள். ஒருவரை மட்டும் வெறும் காபியோடு உட்கார வைப்பது நன்றாக இருக்காது.

படி 3: நேரம்

தூங்கா நகரம் என்று பெயர்தான். ஆனால் ஈரலும் கோலா உருண்டையும் உங்களுக்காக விழித்திருக்காது. ஒன்பது மணிக்கு மேல் போனால் "அது முடிஞ்சுருச்சுண்ணே" என்பதைப் பலமுறை கேட்க வேண்டிவரும். மெஸ்களில் பெரும்பாலும் முன்பதிவு கிடையாது. சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும். ஆறு பேரும் ஒரே டேபிளில் உட்கார ஏழரைதான் சரி.

படி 4: ஆர்டர்

காரியம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஒருமுறை நாங்கள் ஆறு பேரும் ஆளுக்கொரு கறி தோசை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டோம். தோசை இரண்டிரண்டாகத்தான் வந்தது. முதல் இருவர் கை கழுவும்போது கடைசி இருவருக்கு இலையில் ஒன்றும் விழவில்லை.

கறி தோசை எப்படி ஆகிறது என்று கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் காரணம் புரியும். மாவை ஊத்தப்பம் போலத் தடிமனாக ஊற்றி, மேலே முட்டையை அடித்து விடுவார் மாஸ்டர். அதன் மேல் வெந்த கொத்துக்கறியை விளிம்புவரை பரப்பி, எண்ணெய் விட்டு, திருப்பிப் போட்டு அழுத்துவார். அவசரப்படுத்தினால் நடு மாவு வேகாது.

அதனால் சப்ளையரிடம் பேச ஒருவர் போதும். முதல் சுற்றில் இரண்டு கறி தோசை, ஒரு சுக்கா, கூடவே பரோட்டா. பரோட்டா சட்டென்று வந்துவிடும். சால்னா ஊற்றிப் பிய்த்துக்கொண்டே பேசிக்கொண்டிருக்கலாம். கறி தோசை வந்ததும் நடுவில் வைத்து மூன்று மூன்றாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்று முழுசாகத் தின்றால் வேறு எதற்கும் வயிற்றில் இடமிருக்காது. எது பிடித்தது என்று பார்த்துவிட்டு இரண்டாவது சுற்று. கலக்கியைக் கடைசியில் சொல்லுங்கள். பாதி வெந்த முட்டை, ஆறினால் வீண்.

படி 5: பில்

ஒருவர் கட்டட்டும், மற்றவர்கள் அங்கேயே உட்கார்ந்து ஜிபேயில் அனுப்பிவிடட்டும். "அப்புறம் தர்றேன்" என்பது நட்புக்கு ஆகாது. ஆறாக வகுத்தால் போதும், யார் எத்தனை பரோட்டா என்று எண்ணாதீர்கள். சைவக்காரருக்கு மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

பில்லை ஒருமுறை படியுங்கள். குடிக்காத இரண்டு தண்ணீர் பாட்டிலுக்கு நாங்கள் காசு கொடுத்த நாளும் உண்டு. சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். ஏசி உணவகம் என்றால் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது கட்டாயமில்லை. தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நன்றாகப் பரிமாறியவருக்கு டிப்ஸ் கொடுப்பது வேறு விஷயம், அதைக் கையில் கொடுங்கள்.

படி 6: விளக்குத்தூண்

வயிறு நிறைந்திருந்தாலும் விளக்குத்தூண் வரை போய் ஜிகர்தண்டா குடிக்காமல் கலையாதீர்கள். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், பாதாம் பிசின், மேலே ஐஸ்கிரீம். பிசின் ஸ்பூனுக்கு அகப்படாமல் வழுக்கும், கடைசி மடக்கில்தான் மொத்தமாக வாய்க்கு வரும். அதற்குள் அடுத்த சந்திப்புக்குத் தேதி கேட்டு வாங்கிவிடுங்கள். வண்டியைக் கிளப்பிவிட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.