ஈசலைப் பார்த்ததும் செய்யக்கூடாதவை

குமரி மாவட்டத்தில் ஈசலுக்கு வருஷத்தில் இரண்டு சீசன். கோடை மழையில் தொடங்கி தென்மேற்குப் பருவம் பிடிக்கும்வரை ஒன்று, ஐப்பசி மழைக்கு இன்னொன்று. இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம், கேட்கவா வேண்டும். கரையான் மருந்து வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் போன மழைக்குச் செய்த தப்பையே இந்த மழைக்கும் செய்கிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஈசல் என்பது இறக்கை முளைத்த கரையான், மழை விட்டதும் புற்றிலிருந்து புறப்படும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதைத் தாண்டி, விவரம் தெரிந்தவர்களே கோட்டை விடுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது

கரையான் என்றால் வெள்ளை என்று மனதில் பதிந்துவிட்டது. வெள்ளையாக இருப்பது மண்ணுக்குள்ளேயே வேலை செய்கிற கரையான். வெளியே பறக்க வேண்டிய ஈசல் பெரும்பாலும் பழுப்பாகவோ நல்ல கரும்பழுப்பாகவோ இருக்கும். அதனால் கறுப்பாகத் தெரிந்ததும் "எறும்புதான், விடுங்க" என்று போய்விடுகிறார்கள்.

ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் போடுங்கள். போன் கேமராவைப் பெரிதாக்கி முதலில் இடுப்பைப் பாருங்கள். எறும்புக்கு நெஞ்சும் வயிறும் சேரும் இடம் ஒட்டிப்போய் இருக்கும். ஈசலுக்கு அந்த ஒடுக்கம் கிடையாது, உடம்பு ஒரே அகலத்தில் போகும். அப்புறம் உணர்கொம்பு. எறும்புக்கு அது நடுவில் முழங்கையாக மடங்கும், ஈசலுக்கு மணிமணியாக நேரே நீளும். கடைசியாக இறக்கை. ஈசலின் நான்கு இறக்கையும் ஒரே நீளம், உடம்பைத் தாண்டி நன்றாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், விரல் பட்டாலே கழன்றுவிடும். எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது, அவ்வளவு லேசில் கழலாது.

மாவும் பலாவும் நிற்கிற வீடுகளில் இன்னொரு குழப்பம் உண்டு. மரத்தில் இலையைப் பின்னிக் கூடு கட்டுகிற முசுறு எறும்பின் ராணி பெரிய உடம்போடு, பச்சை கலந்த நிறத்தில், இரவு விளக்குக்கு வந்து விழும். கருங்கல் பக்கம் ஒரு வீட்டில் அதைக் கரையான் என்று சொல்லி, எங்கள் பையன் ஒருத்தன் மருந்தடிக்க முன்பணமே வாங்கிவிட்டான். போய்ப் பார்த்தால் இடுப்பு ஒடுங்கி, கொம்பு மடங்கிக் கிடக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன்.

தெருவிளக்கு ஈசலுக்குப் பயந்து வீட்டுக்கு மருந்தடிப்பது

வெளியிலிருந்து விளக்குக்கு வந்த ஈசல் உங்கள் கதவையும் சன்னலையும் தின்னாது. அதற்கு ஈரமண் வேண்டும், ஜோடி வேண்டும். டைல்ஸ் தரையில் விழுந்தது பெரும்பாலும் விடியுமுன் செத்துவிடும். வாசல் விளக்கை ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள், போதும். தோப்பு மூலையில் ஒரு புற்று நிற்பதைக் காட்டி "வீடு பூரா பரவியிருக்கும்" என்று பயமுறுத்துகிறவரையும் நம்ப வேண்டாம். மண்டைக்காட்டில் புற்றையே அம்மனாகக் கும்பிடுகிறோம். புற்று கண்ணில் பட்டதாலேயே வீட்டுக்குள் கரையான் இருக்கிறது என்று ஆகிவிடாது.

வீட்டுக்குள் ஈசல் புறப்பட்ட ஓட்டையை அடைப்பது

மற்றத் தப்புகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

அடைத்துக் கிடக்கிற அறைக்குள், சுவரிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ தரை வெடிப்பிலிருந்தோ ஈசல் வந்தால் அது வேறு கதை. புதிதாகச் சேர்ந்த ஒரு ஜோடி கூடு கட்டி, பெருகி, இறக்கை முளைத்ததை வெளியே அனுப்பப் பொதுவாக 3, 4 வருஷம் ஆகும். அப்படியென்றால் இன்றைக்கு நிலைக்கு அடியிலிருந்து புறப்படுகிற கூட்டம், சில வருஷமாகவே அந்த வீட்டை ஒட்டி வளர்ந்திருக்கிறது. வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் மறைந்து வாழ்கிற உயிர், தான் இருக்கிற இடத்தைத் தானே காட்டுவது இந்த ஒரு மாலை நேரத்தில்தான். அரை மணி நேரம், சில சமயம் அதற்கும் குறைவு. அந்த நேரத்தில் வீட்டில் நடப்பது என்ன? ஸ்பிரே அடிக்கிறார்கள், துடைப்பத்தால் கூட்டி அள்ளுகிறார்கள், மறுநாள் காலையில் ஓட்டையில் வெள்ளைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். அடையாளம் அத்தனையும் போய்விடுகிறது.

தக்கலைப் பக்கம் ஒரு வீடு. மகன் வளைகுடாவில், அம்மா மட்டும் இங்கே. மகனுடைய அறை நிலையின் அடிக்காலில் விரல் நகம் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல், அதிலிருந்து ஈசல் வந்திருக்கிறது. வேறு இடத்திலிருந்து வந்த பையன் ஸ்பிரே அடித்து, இறக்கையெல்லாம் கூட்டி, விரிசலைப் பூசி, மேலே பெயிண்டும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அந்த அம்மாவுக்கு வேலை சுத்தமாக இருந்ததில் சந்தோஷம். அடுத்த மழை ஈசல் வரவில்லை, சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டார். மகன் லீவுக்கு வந்து சுவர் அலமாரியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. முன்பக்கக் கதவு பளபளவென்று இருக்கிறது, உள்ளே பின்பலகை பிளைவுட் முழுக்க மண். நிலத்துப் பத்திரம், பையனுடைய சர்டிபிகேட், கல்யாணப் பட்டு எல்லாம் அரிபட்டுப் போயிருந்தன. என்னைக் கூப்பிட்டபோது அந்த அம்மா பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எல்லாம் தின்னு போட்டுதே மக்களே" என்றார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடைத்த வழியை விட்டுவிட்டு, ஸ்விட்ச் போர்டுக்குப் போகிற பைப்பைப் பிடித்து அவை அலமாரிக்குப் போயிருந்தன. தரையை உடைத்துப் பார்த்தால், வீடு கட்டும்போது வெட்டின தென்னையின் அடிக்கட்டை அப்படியே கிடக்க, அதன் மேல் மண் நிரப்பிக் கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். நம்மூரில் தென்னந்தோப்பையும் ரப்பர் தோட்டத்தையும் வெட்டித்தான் பாதி வீடு கட்டுகிறோம். வேரையும் கட்டையையும் தோண்டி எடுக்காமல் செம்மண் கொட்டி மூடுவது கரையானுக்குச் சோறு போட்டு வீடு கட்டிக் கொடுக்கிற காரியம்.

அதனால் ஈசல் உள்ளிருந்து வருகிறதென்றால் முதலில் ஸ்பிரேயைக் கீழே வையுங்கள். டார்ச் அடித்து எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வாயிலில் வெளுத்த வேலைக்காரக் கரையான்களும் தலை பெருத்த காவல்காரக் கரையான்களும் நிற்கும். அதுதான் சரியான இடம். பென்சிலால் வட்டம் போடுங்கள், போட்டோ எடுங்கள், நாலைந்து ஈசலை ஒரு குப்பியில் போட்டு வையுங்கள். பிறகு தாராளமாகக் கூட்டுங்கள். நேரில் பார்க்க முடியவில்லையா? காலையில் சன்னல் படியில் உதிர்ந்த இறக்கை குவிந்து கிடக்கும். அந்த அறையின் நிலை, அலமாரியின் அடி, குளியலறைக் கதவுக்கால், பைப் நுழைகிற இடம் எல்லாவற்றையும் ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். உள்ளே தின்ற மரம் பொத்தென்று சத்தம் கொடுக்கும்.

ஸ்பிரே ஏன் பிரயோஜனம் இல்லை என்றும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கிற ஸ்பிரே பட்டதைக் கொல்லும், மற்றவற்றை விரட்டும். விரட்டினால் அவை வேறு பக்கம் துளைக்கும். இமிடாகுளோப்ரிட் மாதிரி மருந்தைக் கரையான் கண்டுகொள்ளாது. அதிலேயே நடந்து, உடம்பில் சுமந்து போய்க் கூட்டில் மற்றவற்றுக்கும் கொடுக்கும். 30.5 சதவீத மருந்தென்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் 30 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு இறக்க வேண்டும். கட்டி முடித்த வீட்டுக்கான முறை ஐஎஸ் 6313 என்கிற இந்தியத் தரநிலையின் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. வேலைக்கு வருகிறவரிடம் அது தெரியுமா என்று தயங்காமல் கேளுங்கள். இதெல்லாம் பழக்கப்பட்ட ஆள் கையுறை போட்டுச் செய்ய வேண்டிய வேலை. வட்டம் போட்டு வைத்த இடம் இருந்தால் அவருக்கு வேலை பாதியாகக் குறையும்.

மண்ணெண்ணெய், கழிவு ஆயில் பூசுவது

கூடு மண்ணுக்குள் இருக்கிறது, எண்ணெய் மரத்தின் மேலே நிற்கிறது. தீப்பிடிக்கிற ஆபத்து வேறு.

மண்கோடு முழுவதையும் சுரண்டி எறிவது

கரையான் நடமாட மண்ணால் கட்டி, சுவரில் ஏறுகிற மண்கோட்டில் இரண்டு விரல் அகலம் மட்டும் உடைத்துவிட்டு நாலு நாள் கழித்துப் பாருங்கள். திரும்பக் கட்டியிருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. கட்டவில்லை என்றாலும் வழியை மாற்றியிருக்கலாம், சுற்றிப் பாருங்கள்.

மரத்தூளைக் கண்டதெல்லாம் ஒன்று என்று நினைப்பது

ரப்பர் மர நாற்காலி, கட்டிலுக்கு அடியில் மாவு மாவாகக் கொட்டி, மரத்தில் ஊசித் துளை இருந்தால் அது வண்டு. மண்ணோடு சம்பந்தமே இல்லாமல் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழ்கிற கரையானும் உண்டு. அதன் எச்சம் கசகசா போல நெறுநெறுவென்று தனித்தனியாக உதிரும். இதற்கு மண்கோடு கிடையாது, தரையைத் துளைத்து மருந்து இறக்கினாலும் பயன் கிடையாது. மரத்தைத்தான் கவனிக்க வேண்டும். அந்தத் தூளைக் கொஞ்சம் தாளில் மடித்து வைத்திருந்து, வருகிறவரிடம் காட்டுங்கள்.

ரப்பர் விறகைச் சுவரில் சாய்த்து அடுக்குவது

வேண்டவே வேண்டாம். கல் போட்டு, தரையிலிருந்து உயர்த்தி, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

கிணற்றை மறப்பது

நம் வீடுகளில் பெரும்பாலும் அடுக்களைப் பக்கமே கிணறு. சுவரைச் சுற்றி மருந்து ஊற்றுகிறவர்கள் கிணற்றை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இமிடாகுளோப்ரிட் தண்ணீரில் கரைகிற மருந்து, மண்ணில் இறங்கி ஊற்றோடு போகும். கிணறு, மீன் தொட்டி, குளம் இருக்கிற பக்கம் மண்ணில் மருந்து ஊற்ற விடாதீர்கள். அந்தப் பக்கத்துக்கு நிலையை மாற்றுவது, கட்டையைத் தோண்டி எடுப்பது என்று வேறு வழி பாருங்கள். மழை வருகிற நாளில் வேலையே வேண்டாம். குமரியில் வானம் எப்போது கறுக்கும் என்று சொல்ல முடியாது, ஒரு நாள் தள்ளிப்போட்டால் குற்றமில்லை.

ஸ்பிரே பட்ட ஈசலைக் கோழிக்குப் போடுவது, வறுப்பது

கூடாது. தண்ணீர்த் தட்டில் விளக்கு வைத்துப் பிடித்ததை மட்டும் போடுங்கள்.