குடிநீர்ப் பரிசோதனை: குப்பியிலும் அறிக்கையிலும் நேரும் தவறுகள்

சில பத்து வீடுகள் ஒரே ஆழ்துளைக் கிணற்றையும் ஒரே மேல்நிலைத் தொட்டியையும் நம்பியிருக்கும் குடியிருப்புகளில், குடிநீரைப் பரிசோதிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வேதியியலோ நுண்ணுயிரியலோ படிக்காத நிர்வாகக் குழுவினரிடமே வந்து சேர்கிறது. எந்த ஆய்வகம் சிறந்தது என்று அவர்கள் நெடுநேரம் விவாதிக்கிறார்கள். நீரைப் பிடிக்கும் விதமும், பிடித்த பின் கழியும் நேரமும், அறிக்கையை வாசிக்கும் முறையும் அந்த விவாதத்தில் இடம்பெறுவதே இல்லை. பரிசோதனை பயனற்றுப் போவதோ பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில்தான்.

டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண்ணைக் கொண்டு நீர் நல்லது என்று முடிவு கட்டுவது மிகப் பரவலான தவறு. அந்தக் கருவி நீரின் மின்கடத்துத் திறனை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் கணித்துச் சொல்கிறது, அவ்வளவே. கிருமிகள் அதன் கணக்கில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் ஆர்சனிக்குக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்; மீட்டரின் எண்ணோ ஒவ்வொரு மில்லிகிராமாகத்தான் ஏறி இறங்கும். ஆர்சனிக்குக்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது என்பதால், நாக்கும் மூக்கும் கண்ணும் இங்கே உதவ மாட்டா. நீரின் மூலத்தைப் பொறுத்துத்தான் எவற்றைச் சோதிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஆழமான நிலத்தடி நீர் என்றால் ஆர்சனிக்கும் ஃபுளோரைடும் முதலில் நினைவுக்கு வர வேண்டும். அருகில் உரமிட்ட வயலோ கழிவுத் தொட்டியோ இருந்தால் நைட்ரேட். எந்த நீரானாலும் ஈ. கோலை என்ற குடல்வாழ் பாக்டீரியா.

மாதிரி எடுப்பதில்தான் தவறுகள் மிகுதி. நுண்ணுயிர்ச் சோதனைக்கு, வீட்டில் கிடக்கும் பழைய தண்ணீர் பாட்டிலை எவ்வளவு கழுவினாலும் அது உதவாது. ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியே வேண்டும். அந்தக் குப்பியை நல்லெண்ணத்தோடு ஒருமுறை அலசிவிட்டு நீர் பிடிப்பவர்கள் உண்டு. குளோரின் கலந்த நீருக்கான குப்பிக்குள், குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் சிறிதளவு இடப்பட்டிருக்கும். அலசினால் அது வெளியேறிவிடும். பிறகு நீரில் மீந்திருக்கும் குளோரின் வழியெல்லாம் கிருமிகளைக் கொன்றுகொண்டே சென்று, ஆய்வகத்தில் பொய்யான நற்சான்றைப் பெற்றுத் தந்துவிடும். குழாய் முனையில் வடிவலையோ ரப்பர்க் குழாயோ இருந்தால் கழற்றிவிட்டு, முனையைத் துடைத்துத் தூய்மைப்படுத்தி, இரண்டு மூன்று நிமிடம் நீரை ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தைத் தொடாமலும், அதைத் தரையில் வைக்காமலும், குலுக்குவதற்குச் சிறிது இடம் விட்டும் நிரப்ப வேண்டும்.

ஈயத்துக்கான சோதனையோ இதற்கு நேர்மாறானது. ஈயம் பெரும்பாலும் குழாய்களிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் கரைந்து வருவதால், குறைந்தது ஆறு மணி நேரம் யாரும் குழாயைத் திறக்காமல் இருந்து, முதலில் வரும் நீரையே பிடிக்க வேண்டும். ஓடவிட்டுப் பிடித்தால் தேடிய பொருளே ஓடிப்போய்விடும். எனவே ஒரே குப்பி நீரை எல்லாச் சோதனைகளுக்கும் அனுப்புவதும் ஒரு தவறுதான்.

காலையில் பிடித்த மாதிரியை மாலை வரை வண்டியின் பின்னிருக்கையில் வெயிலில் வைத்திருந்தால், நீரிலுள்ள கிருமிகள் பெருகியும் இருக்கலாம், மடிந்தும் இருக்கலாம். எது நேர்ந்தது என்று யாராலும் சொல்ல இயலாது. குளிர்பெட்டியில், உறையவிடாமல் கொண்டுசென்று, இயன்றால் ஆறு மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் சோதனையைத் தொடங்கச் செய்ய வேண்டும். எஞ்சிய குளோரினைக் குழாயடியிலேயே அளந்துவிட வேண்டும். அது பயணம் தாங்காது.

எங்கே, எப்போது என்பதிலும் கவனம் தேவை. சோதனைக்கு முந்தைய நாள் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடுவது நீரைச் சோதிப்பதாகாது. விருந்தாளி வருமுன் வீட்டை ஒழுங்குபடுத்துவதைப் போன்றது. வீட்டுச் சுத்திகரிப்பானிலிருந்து பிடித்த நீர் அந்த ஒரு கருவியின் நிலையைத்தான் சொல்லும். கிணற்றில் ஒன்று, தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில் ஒன்று, குழாய் வரிசையின் கடைசி வீட்டில் ஒன்று எனப் பிடித்தால்தான், மாசு எங்கே நுழைகிறது என்பது தெரியவரும். கோடையில் மட்டும் சோதித்துவிட்டு, கழிவுநீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றை எட்டக்கூடிய கனமழைக் காலத்தை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒரே ஒரு நுண்ணுயிர்ச் சோதனை போதும் என்ற எண்ணமும் சரியன்று: 5,000 பேருக்கும் குறைவானவர்களுக்கான குழாய் விநியோகத்துக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எண்ணிக்கை ஆண்டுக்கு 12 மாதிரிகள்.

அறிக்கை வந்த பின்னும் தவறுகள் தொடர்கின்றன. ‘கண்டறியப்படவில்லை’ என்ற சொல்லைக் கண்டதும் நிம்மதி அடைவது இயல்பு. ஆயினும் அந்த முறையால் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு எது என்று கேட்க வேண்டும். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே ஆர்சனிக்கைக் காண இயலாத முறையில் சோதித்துவிட்டு, 10 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவுக்கு உட்பட்டது என்று கூற முடியாது. நைட்ரேட்டில் இன்னொரு பொறி இருக்கிறது. நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் வழிகாட்டு அளவு 50 மில்லிகிராம். அதையே நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 மில்லிகிராம். இரண்டாம் வகை அறிக்கையில் 20 என்று கண்டு, 50-க்குக் கீழ்தானே என்று கோப்பில் வைத்துவிட்டால், வரம்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு நைட்ரேட் உள்ள நீரைக் குழந்தைகளுக்குப் புகட்டும் பால் மாவில் கலக்க நேரும்.

மொத்தக் கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாத் தொகுப்பையும் ஈ. கோலையையும் ஒன்றாக எண்ணுவதும் குழப்பம் தரும். முன்னது மண்ணிலும் குழாயின் உட்புறப் படலத்திலும்கூட வாழக்கூடியது. பின்னது அண்மையில் மலம் கலந்ததைக் காட்டுவது. 100 மில்லிலிட்டரில் ஒரு ஈ. கோலைகூட இருக்கக் கூடாது. இருந்தால், மறுசோதனைக்கு மாதிரி எடுக்கும் அன்றே எல்லா வீடுகளுக்கும் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும்படி அறிவித்துவிட வேண்டும். இரண்டாவது அறிக்கைக்காக அறிவிப்பைத் தள்ளிவைப்பதை ஏற்க முடியாது. அதே அறிவுரையை நைட்ரேட்டுக்கோ ஆர்சனிக்குக்கோ தருவது தீங்கானது, ஏனெனில் கொதிக்கும்போது நீர் ஆவியாகி, அவற்றின் செறிவு கூடுகிறது. கிருமிக்காகக் குளோரின் சேர்ப்பவர்கள், நீர் கலங்கலின்றி இருக்கிறதா என்று முதலில் பார்த்து, குளோரினைக் குறைந்தது 30 நிமிடம் நீரில் நிற்கவிட்டு, கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கிறதா என்று அளக்க வேண்டும். கிணற்று மேடையில் விரிசலோ தொட்டி மூடியில் இடைவெளியோ இருந்தால், அதை அடைக்கும் வரை குளோரின் அளவை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.