பிள்ளைகளோடு ஹரித்ராநதியை ஒரு சுற்று நடக்க

காவிரிப் படுகையில் ஏறுவதற்கு மலை இல்லை; சிறு பிள்ளைகளை நடக்கப் பழக்குவதற்கு அது ஒரு குறையும் அன்று. வழி தவறாமல், மூச்சு வாங்காமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும் சுற்றுப்பாதை வேண்டுபவர்களுக்கு மன்னார்குடி இராஜகோபால சுவாமி கோயிலின் தெப்பக்குளமான ஹரித்ராநதியையே முதலில் சொல்வேன். குளம் 1158 அடி நீளமும் 837 அடி அகலமும் உடையது. நான்கு கரையையும் சுற்றி வந்தால் ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர் ஆகும். பெரியவர்களுக்கு இது கால் மணி நேர நடை. ஐந்து வயதுப் பிள்ளை உடன் வந்தால் முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் நேரம் நடையில் கழிவதைவிட நின்று பார்ப்பதில்தான் அதிகம் கழியும்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதை முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. கோயிலை வலம் வருவதைப் போலவே குளத்தையும் வலக்கைப் பக்கம் வைத்து நடக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பக்தி மட்டும் காரணம் அன்று: நம் சாலைகளில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதால், குளத்தை ஒட்டிய ஓரத்தில் வலமாக நடப்பவர்களுக்கு எதிரே வரும் வண்டி முகத்துக்கு நேராகத் தெரியும், முதுகுப் பக்கமிருந்து திடீரென்று எதுவும் வந்து உரசாது. ஒருபுறம் சாலை, மறுபுறம் நீர் என்பதால் பிள்ளையை நடுவில் விட்டு, இருபுறமும் பெரியவர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்வதே சரி. பெரியவர் ஒருவர்தான் என்றால் ஒரு பிள்ளைக்கு மேல் அழைத்து வராதீர்கள்.

வெயிலையும் கணக்கில் கொள்ளுங்கள். காலை நேரத்தில் கிழக்கே உள்ள கீழ்கரையின் வீடுகளும் மரங்களும் சாலையின் மேல் நிழல் தரும். மேற்கே உள்ள மேல்கரையோ நேர் வெயிலில் இருக்கும். ஆகவே காலையில் தென்மேற்கு மூலையில் தொடங்கி, வெயில் ஏறுமுன் மேல்கரையைக் கடந்து, வடகரை வழியாகக் கீழ்கரைக்கு வந்துவிட வேண்டும். மாலை என்றால் வடகிழக்கு மூலையில் தொடங்குங்கள். மார்கழி முதல் மாசி வரை இதற்கு உகந்த காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போக வேண்டாம். ஆனி மாதத் தெப்பத் திருவிழா பார்க்கத் தகுந்ததே, ஆயினும் அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளோடு சுற்றுவது நடை ஆகாது.

படித்துறையில்தான் மிகுந்த கவனம் தேவை. நீருக்குச் சற்று மேலே, ஈரம் மட்டும் பட்ட படிகளில் பாசி மெல்லியதாகப் படிந்திருக்கும். கல்லின் நிறத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. தேய்ந்த ரப்பர் செருப்போடு அதில் கால் வைத்தால் பெரியவர்களே வழுக்கி விழுவார்கள். வார் வைத்த செருப்பு அணிவித்து, மேற்படியோடு நின்றுகொள்ளுங்கள். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, கொஞ்சம் கடலை மிட்டாய், ஒரு குடை ஆகியவை போதும். கட்டுச்சோற்று மூட்டை வேண்டியதில்லை.

பாதி வழியில் பிள்ளை சிணுங்கத் தொடங்கினால் நீரைக் காட்டுங்கள். நீரில் மூழ்கி இரை தேடும் முக்குளிப்பான் பறவை கண்ணில் பட்டால் அது மூழ்கியவுடன் எந்த இடத்தில் எழும் என்று ஊகிக்கச் சொல்லலாம். பெரும்பாலும் எதிர்பாராத இடத்தில்தான் தலை தெரியும். குளத்தின் நடுவிலுள்ள கோயில் ஒவ்வொரு கரையிலிருந்தும் எப்படி மாறித் தெரிகிறது என்று கேட்பதும் நல்ல உத்தி. மதிலழகுக்குப் பெயர்பெற்ற ஊர்தான், ஆனால் பிள்ளைகளுக்கு மதிலைவிடக் குளமே பிடிக்கும்.

இந்தச் சுற்று எளிதாகிவிட்டால், அடுத்து தஞ்சாவூர் செல்லும் சாலையிலுள்ள வடுவூர் ஏரிக்குப் போகலாம். 1999இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பாசன ஏரி கோடையில் வற்றிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நாரைகளையும் அரிவாள் மூக்கன்களையும் நீர்க்காகங்களையும் பார்க்க வாய்ப்பு அதிகம். இங்கே ஏரி முழுவதையும் சுற்ற முயலாமல், கரைமேல் சிறிது தூரம் நடந்து அதே வழியில் திரும்பிவிடுங்கள். திரும்பும் தூரமும் பிள்ளையின் கால்களுக்குத்தான் என்பதால், களைப்பு தெரியுமுன்பே, அது உற்சாகமாக இருக்கும்போதே, திரும்பிவிட வேண்டும்.