மலைச்சரிவில் ட்ரோன் அளவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காட்டுச் சரிவுகளில் கட்டுமானத்திற்காக ட்ரோன் கொண்டு அளக்க வரும் இளம் பொறியாளர்கள், இந்தக் கருவி புதிதாக வந்தபோது எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே மீண்டும் செய்வதைப் பார்க்கிறேன். பேட்டரி தீர்ந்துபோவது போன்றவற்றை அனுபவமே கற்றுக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மரங்களுக்கடியில் சரிபார்க்காமல் விடுவது

இங்குள்ள காப்பித் தோட்டங்கள் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் இருக்கின்றன. ஒளிப்படங்களிலிருந்து உருவாகும் முப்பரிமாண வடிவம் கேமராவுக்குத் தெரிந்த பரப்பை மட்டுமே தரும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மரங்களை இனங்கண்டு நீக்கிவிட்டு, அந்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள புள்ளிகளைக் கொண்டு நிரப்புகிறது. அதனால் கிடைக்கும் சமஉயரக் கோடுகளில் எது அளந்தது, எது ஊகித்தது என்பது பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

தங்கும் விடுதி ஒன்றுக்கான மனையில், உயரப் பிழை சில சென்டிமீட்டர்தான் என்றது அறிக்கை. அந்த எண் பொய்யன்று. ஆனால் வரைபடத்தோடு ஒப்பிடத் தரையில் தனியாக அளந்த சரிபார்ப்புப் புள்ளிகள் அனைத்தும் தார்ச்சாலையிலும் காப்பி உலர்த்தும் களத்திலுமே இருந்தன, மரங்களுக்கடியில் ஒன்றுகூட இல்லை. பொக்லைன் இறங்கிய பிறகுதான், தோட்டத்தின் நடுவே ஓடிய ஓடைப்பள்ளம் வரைபடத்தில் நிரவப்பட்டிருந்தது தெரிந்தது. தடுப்புச் சுவரின் அடித்தளத்தை மறுபடியும் வடிவமைத்தார்கள், மண் கணக்கும் முழுவதும் மாறியது. ஓர் ஏக்கரில் உயரம் சராசரியாக ஒரு மீட்டர் தவறினாலே 4,047 கன மீட்டர், அதாவது 1,400 யூனிட்டுக்கு மேற்பட்ட மண். அதை டிப்பர்களில் 20 கொண்டை ஊசி வளைவுகள் வழியே ஏற்றி இறக்க வேண்டும். அறிக்கையைப் பார்த்த ஒருவரும் புள்ளிகள் எங்கே வைக்கப்பட்டன என்று கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் சினமூட்டுகிறது.

மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் கருவியின் துல்லியமும் குறையும். ஆகவே அங்கே கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்துப் புள்ளிகளை எடுங்கள். லேசர் கதிர்களால் அளக்கும் லைடார் இலை இடுக்குகளின் வழியே தரையை எட்டும் என்றாலும், எத்தனை கதிர்கள் உண்மையில் தரையைத் தொட்டன என்று பாருங்கள். தரைப் புள்ளிகளை மட்டும் பிரித்தெடுக்கும் மென்பொருள் வடிகட்டியில் சமவெளிக்கென வைத்த அமைப்பை மலையில் மாற்றாமல் விட்டால், செங்குத்தான கரைகளையும் கல்கட்டுகளையும் தரையல்ல என்று அது நீக்கிவிடக்கூடும்.

உயர அடிப்படையைக் கலப்பது

பூமியின் கணித வடிவத்திலிருந்து கணக்கிட்டு ஜிபிஎஸ் தரும் எலிப்சாய்டு உயரமும் கடல்மட்ட உயரமும் இப்பகுதியில் ஏறத்தாழ 90 மீட்டர் வேறுபடும். எது எதுவென்று ஒவ்வொரு கோப்பிலும் எழுதுங்கள்.

கட்டுமான விதிகளின் எண்களைச் செயற்கை நுண்ணறிவு உரையாடு செயலியிடம் கேட்பது

வேண்டாம்; கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456-ஐயே திறந்து பாருங்கள்.

புறப்பட்ட இடத்து உயரத்தை நம்புவது

திரையில் தெரியும் உயரம் பொதுவாக ட்ரோன் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. மேட்டிலிருந்து பள்ளத்தாக்குப் பக்கம் பறக்கும்போது தரை கீழே விலகிக்கொண்டே போவதால், படத்தின் நுணுக்கம் குறைவதோடு, 2021 ட்ரோன் விதிகள் பச்சை மண்டலத்தில் முன் அனுமதியின்றிப் பறக்க வைத்திருக்கும் 400 அடி வரம்பும் மீறப்படலாம். எதிர்த்திசையில் சென்றால் மரம் மோதும். நிலமட்டத்தைத் தொடர்ந்து பறக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, மர உயரத்தையும் அதில் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ட்ரோனை ஏற்றுங்கள்.