வரப்பு மண்ணில் கொம்புத் தாவரத்தை இனங்காணும் முறை

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, வரப்பும் வாய்க்கால் கரையும் ஈரம் காயாமல் கிடக்கும் காலமே காவிரிப் படுகையில், சாற்றுக்குழாய் இல்லாத சிறு நிலத்தாவரங்களான பிரையோபைட்டுகளைத் தேட ஏற்ற பருவமாகும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், ஒரு பிளேடு, வெள்ளைத் தட்டு ஆகியவை போதும். புல் மூடாத நிழல் மண்ணில் இலையோ தண்டோ இன்றித் தட்டையாகப் படிந்திருக்கும் பச்சை உடலங்களைத் தேடுங்கள். வரப்பில் முதலில் தென்படுவது பெரும்பாலும் ஈரலுருத் தாவரமான ரிக்சியாவாகவே இருக்கும். பிரையோபைட்டுகளில் ஒரு கூட்டமான, ஹார்ன்வொர்ட் எனப்படும் கொம்புத் தாவரங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச்சரிவுகளில்தான் மிகுதி என்பதால், சமவெளியில் பொறுமையாகத் தேட வேண்டும்.

வயல் நீரில் மிதக்கும் அசோலாவை முதலில் ஒதுக்கிவிடலாம். உருவில் சிறியதாயினும் அது பெரணி இனம். அதற்கு வேரும், நீரையும் உணவையும் கடத்தும் சாற்றுக்குழாய்த் திசுவும் உண்டு.

கொம்புத் தாவரத்தை உறுதிசெய்ய, ஸ்போர் என்னும் நுண்வித்துகளை உண்டாக்கும் பகுதியான அதன் வித்தகத் தாவரத்தையே பார்க்க வேண்டும். ரிக்சியாவில் அது உடலத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். மாஸ் எனப்படும் பாசித் தாவரத்தில் காம்பின் நுனியில் மூடியுள்ள சிமிழாக நிற்கும். கொம்புத் தாவரப் பேரினமான ஆந்தோசெராஸிலோ அது கொம்பாக ஊசிபோல நிமிர்ந்து, அடிப்பகுதியிலுள்ள வளர்திசுவால் தொடர்ந்து வளர்ந்துகொண்டே, நுனியிலிருந்து இரண்டாகப் பிளந்து ஸ்போர்களை உதிர்க்கும். முற்றிய கொம்பொன்றை லென்ஸில் பாருங்கள்: பிளவுக்கு நடுவே மயிரிழை போன்ற ஓர் அச்சும், அதைச் சுற்றி ஸ்போர்களும் தெரியும். ஸ்போர் கருமையாக இருந்தால் ஆந்தோசெராஸ் என்றும், மஞ்சளாக இருந்தால் ஃபியோசெராஸ் என்னும் இன்னொரு பேரினம் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். நோட்டோதைலஸ் என்னும் மற்றொரு பேரினத்தில் கொம்பு குட்டையாகப் படுத்திருக்கும் என்பதால் அதைத் தவறவிடுவது எளிது.

பின்பு உடலத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கரும்பச்சைப் புள்ளிகள் தெரியும். அவை நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கும் குழிகள். அசோலாவில் அனபீனா என்னும் பாசி செய்வதுபோல, இங்கும் அது காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தித் தருகிறது. நுண்ணோக்கி கிடைத்தால் செல்லையும் பாருங்கள். பல ஹார்ன்வொர்ட்களில் செல்லுக்கு ஒரே ஒரு பெரிய பசுங்கணிகமும் அதனுள் பைரினாய்டு என்னும் புரதத் திரளும் இருக்கும். நிலத்தாவரங்களில் பைரினாய்டு வேறெந்தக் கூட்டத்திலும் இல்லை என்பதால், இதைவிட உறுதியான அடையாளம் வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

சாற்றுக்குழாய் இல்லாமை என்பதன் பொருளைச் சோதித்தே அறியலாம். காசித்தும்பைத் தண்டைச் சிவப்பு மை கலந்த நீரில் சில மணி நேரம் நிறுத்தினால், நீரைக் கடத்தும் சைலக் குழாய்களின் வழியே மை கோடு கோடாக ஏறும். கொம்புத் தாவரத்தின் உடலத்தில் அத்தகைய கோடு எதுவும் தோன்றாது. அது மேற்பரப்பு முழுவதாலும் நீரை உறிஞ்சுகிறது, அதன் வேரிகள் எனப்படும் வேர்போன்ற இழைகள் மண்ணைப் பற்றிக்கொள்வதற்கே முதன்மையாக உதவுகின்றன. அது தரையோடு தாழ்ந்து வளர்வதற்கும் ஈரத்தை விட்டு விலகாததற்கும் இதுவே முக்கியக் காரணம். அதன் ஆண் செல்களும் நீர்ப்படலத்தில் நீந்தியே முட்டையை அடைய வேண்டும்.

மற்ற உயிரினங்களிலிருந்து அது விலகும் இன்னோர் இடமும் உண்டு. மாட்டின் உடலும் நெற்பயிரும் இரு தொகுதிக் குரோமோசோம்களால் ஆனவை. கொம்புத் தாவரத்தில் நாம் காணும் பச்சை உடலத்துக்கோ ஒரே தொகுதிதான். இரு தொகுதி கொண்டது அந்தக் கொம்பு மட்டுமே. காளானைப் போல மட்கிய பொருளை நம்பி வாழாமல், கொம்பும் உடலமும் தாமே ஒளிச்சேர்க்கை செய்கின்றன.

மாதிரி எடுக்கும்போது விரல் அகல மண்ணோடு சிறு துண்டை மட்டும் வெட்டி, செய்தித்தாளில் மடித்து உலர்த்தி, ஊர், தேதி, மண்வகை, அருகிலிருந்த பயிர் ஆகியவற்றை உறையின்மேல் எழுதிவையுங்கள்.