மீன் உண்பதைக் கைவிட விரும்புவோருக்கு

மீனுக்கு வலி தெரியாது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 2003-இல் ஆய்வாளர் லின் ஸ்னெட்டன் குழுவினர் வானவில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அசெட்டிக் அமிலத்தைச் செலுத்தியபோது, அவை இரையைத் தொடாமல் நெடுநேரம் ஒதுங்கியிருந்ததோடு, தொட்டியின் அடியிலிருந்த சரளைக்கற்களில் உதட்டைத் தேய்த்தன. மார்ஃபின் என்ற வலிநிவாரணி பெற்ற மீன்களிடம் அந்தத் தவிப்பு குறைவாக இருந்தது. வலியை உணரும் உயிரைத் தேவையின்றி வதைப்பது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

தேவை என்று பெரும்பாலோர் சொல்வது ஒமேகா-3 கொழுப்பைத்தான். மீன்களுக்கே அது பெரும்பாலும் நுண்பாசிகள் வழியாகத்தான் வந்துசேர்கிறது. ஆகவே பாசி எண்ணெய் மாத்திரையை வாங்கி, ஒமேகா-3 வகைகளான டிஹெச்ஏ, இபிஏ இரண்டும் உள்ளனவா என்று உறையில் பாருங்கள். புரதத்துக்குப் பருப்பும் சோயாவும் போதும். பால், முட்டை, இறைச்சியையும் விட்டவர்கள் வைட்டமின் பி12 மாத்திரையைத் தவறாமல் எடுக்க வேண்டும்.