பயந்த பூனையை வீட்டுக்குப் பழக்குவது எப்படி?

தெருவிலிருந்து மீட்ட பூனையைத் தத்தெடுத்திருக்கிறீர்களா? வந்த அன்றே மடியில் ஏறி உட்காரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டிதான் ஆட்களிடம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அந்த வாரங்களைத் தெருவில் கழித்த பூனையும் பழகும், ஆனால் நாளாகும். சில பூனைகளுக்கு மாதக்கணக்கில்கூட ஆகும்.

படி 1: ஓர் அறை போதும்

முழு வீட்டையும் திறந்து விடாதீர்கள். ஆள் நடமாட்டம் குறைந்த, குக்கர் விசிலும் மிக்ஸி சத்தமும் அதிகம் கேட்காத அறையாகப் பாருங்கள். ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள். கம்பி இடுக்கில் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். பீரோவுக்குப் பின்னால், பரண் மேல் என்று கை எட்டாத சந்துகளை அடைத்துவிட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி, பழைய துண்டு விரித்து வையுங்கள். சாப்பாடும் தண்ணீரும் ஒரு மூலையில், லிட்டர் தட்டு (பூனை மலம், சிறுநீர் கழிக்க, ‘லிட்டர்’ என்னும் மணல் போன்ற பொருளைப் பரப்பிய தட்டு) எதிர் மூலையில். கடை லிட்டரில் கால் வைக்க மறுத்தால் மேலே கொஞ்சம் மணலைத் தூவிப் பாருங்கள்.

படி 2: காத்திருங்கள்

பூனையைக் கொண்டுவந்த கேரியரின் (கூண்டின்) கதவை அந்த அறையில் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், ஒளிந்திருக்கும் பூனையை ஒருபோதும் இழுத்து எடுக்காதீர்கள். தினமும் அதே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். பூனைத் தீனியோடு உப்பு, மசாலா, எலும்பு இல்லாத வேகவைத்த கோழி கொஞ்சம் சேர்க்கலாம். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காமல் வயிற்றால் போகும். வெங்காயமும் பூண்டும் விஷம்.

சாப்பாடு வைத்ததும் சற்றுத் தள்ளி, தரையில், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம். அது உங்களைப் பார்த்தால் கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறங்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் செய்தபோது பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கின. முன்பின் தெரியாத ஆளின் கையை நோக்கிக்கூட நெருங்கி வந்தன. சாப்பாட்டுத் தட்டையும் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக உங்கள் பக்கம் நகர்த்துங்கள்.

படி 3: தொடுவது

அதுவாகவே அருகில் வந்த பிறகு, மூக்குக்கு நேராக ஒரு விரலை நீட்டி அசையாமல் இருங்கள். மோந்து பார்க்கும். கன்னத்தை உரசினால் கன்னத்தையும் தாடைக்குக் கீழேயும் தடவுங்கள், வயிற்றைத் தொடாதீர்கள். காது பின்னால் மடங்கினாலோ, வால் படபடவென்று அடித்தாலோ கையை எடுத்துவிடுங்கள். சீறுவது கோபமல்ல, பயம். கடித்தாலோ பிராண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய் ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள்.

படி 4: மருத்துவரும் மற்ற அறைகளும்

ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி பூனையின் ஈரலைப் பாதிக்கும். காய்ச்சல் என்று நீங்களாகப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், உயிரே போய்விடும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை மூன்றையும் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

நீங்கள் உள்ளே வந்தாலும் ஓடாமல் சாப்பிடுகிறதா? சரி, இரவில் வீடு அடங்கியதும் அறைக் கதவைத் திறந்து வையுங்கள். பழைய பெட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். விருந்தாளிகள் வந்தாலும், தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தாலும் அது அங்கேதான் ஓடும்.